ஓய்வு என்றொரு கட்டம்

...அதெல்லாம் வரட்டும், வந்து நன்றாகப் பார்க்கட்டும், மேஜை மேல் ஐந்து ஃபைல் அடுக்கி வைத்திருக்கிறாள், முதுகில் ஒட்டின சீட்டுகூட எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில், மொழி, கணக்கு, அறிவியல், சமூகம், பொது, எந்த அதிகாரி வந்து எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தேதி இருக்கும், பாடம் ஆரம்பித்த நேரம் முடித்த நேரம் இருக்கும், ஓரத்தில் அவள் கையெழுத்து இருக்கும், எழுதினதைத் திருத்தின இடத்தில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் மறுபடி ஒரு கையெழுத்து, வெள்ளை மை பூசி மறைக்கிற பிழைப்பெல்லாம் இந்த வீட்டில் கிடையாது. மாத்திரை கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் அத்தனை வருஷம் குப்பை கொட்டினவள் அவள், அங்கே வருகிற ஆய்வாளர்கள் எப்பேர்ப்பட்டவர்கள், சிரித்துப் பேசிக்கொண்டே காபி குடிப்பார்கள், கோப்பையைக் கீழே வைக்கும்போது போன வருஷத்து எடை மெஷின் சீட்டைக் கேட்பார்கள், பக்கத்துப் பிரிவுக்காரர்களுக்கு வேர்த்து ஊற்றும், இவள் எழுந்து போய் எடுத்து வந்து நீட்டுவாள், கடலைத் தாண்டினவளுக்கு வாய்க்கால் எம்மாத்திரம்? சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்த பாடம், எழுதாதது நடக்காதது. கையைக் கழுவினாயா, கழுவினேன், எங்கே எழுதியிருக்கிறாய், எழுதவில்லை, அப்படியானால் நீ கழுவவில்லை... இதென்னடா கிறுக்குத்தனம் என்றுதான் முதலில் தோன்றியது, அப்புறம் அதுவே ரத்தத்தில் ஊறிப்போனது, கல்யாணமாகி வந்த புதிதில் பால் பாக்கெட் மேல்கூடப் பேனாவால் தேதி எழுதி வைப்பாள், அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "என் மேலயும் ஒரு தேதி எழுதி ஒட்டிடு, எப்ப கெட்டுப்போவேன்னு தெரிஞ்சுக்கலாம்" என்பார்.

சீக்கிரம் வந்துவிட்டால் தேவலை, காத்திருக்கிற நேரம்தான் ஆளைத் தின்கிறது. பயம் இல்லை, சத்தியமாகப் பயம் இல்லை, ஆனால் இதில் மாட்டிக்கொண்டிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியாதா, கல்வி அலுவலகத்திலிருந்து வருகிற அந்த அம்மா கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டால் அவள் பெண் கடுகு இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே படிக்கலாம், போடாவிட்டால் பள்ளி திறக்கிற அன்றைக்கு மறுபடி அந்தச் சாம்பல் நிற கேட்டுக்குள்... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், ஆனால் வேண்டாம் என்றால் நினைப்பு கேட்கிறதா? அங்கே போய்க்கொண்டிருந்தபோது பிள்ளைக்குத் தினமும் காலையில் வயிற்று வலி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தாள், அப்புறம் பூச்சி மருந்து கொடுத்தாள், அப்புறம் டாக்டர், ஸ்கேன், ஒன்றுமே இல்லை என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் லீவு எடுத்துக்கொள்கிற வயிற்று வலி என்ன வயிற்று வலி? அப்புறம் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசுகிற நாள் வந்தது, வகுப்பு டீச்சர் முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள், "ரொம்ப நல்ல பொண்ணுங்க, இருக்கிற இடமே தெரியாது." பாராட்டாம்! பக்கத்தில் இவர் தலையை ஆட்டி நன்றி வேறு சொல்கிறார்... இருக்கிற இடம் தெரியாதா, எந்தப் பிள்ளை? பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று அவர் கடுகு என்று கூப்பிட ஆரம்பித்து, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை நடக்கப் பழகின கையோடு மொத்தக் கட்டடத்துக்கும் நிரூபித்த பிள்ளையா, காலையில் வாயைத் திறந்தால் தூக்கத்தில்தான் மூடுகிற பிள்ளையா? அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டாள், வேலையை விட்டாள், ஊர் சிரித்தது, சிரிக்கட்டும், நாலு மாதத்தில் வயிற்று வலி போன திசை தெரியவில்லை, பழைய வாய் திரும்பி வந்தது, வட்டியும் முதலுமாக வந்தது.

அவருடைய அக்கா, அந்த அண்ணி மட்டும் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆயிற்றே, போனை எடுத்தால் ஒரே கேள்வி, "வீட்லயே வச்சிக்கிட்டு அப்படி என்னதான் சொல்லித் தர்றே, எனக்கும் கொஞ்சம் சொல்லேன்." வாய்ப்பேச்சில் அண்ணியை ஜெயிக்க ஆண்டவனாலும் ஆகாது, ஆனால் தாளை நீட்டினால்? போன தடவை வந்து சோபாவில் சாய்ந்தபோது இவள் ஒரு ஃபைலை எடுத்து அண்ணி மடியில் வைத்தாள், அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள், புரட்டினாள், புரட்டிக்கொண்டே இருந்தாள், கடைசியில், "நானே என் கிளாசுக்கு இவ்வளவு எழுதலம்மா" என்று மூடி வைத்தாள், அந்த நிமிஷம் இருக்கிறதே, முதல் சம்பளம்கூட அப்படி இனித்ததில்லை. எதைத்தான் எழுதவில்லை அவள்? பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பந்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கொரு நாள் என்று கடுகு சமாதானமானால் அது சமூகம், தலைப்பு 'ஒப்பந்தங்கள்'. அப்பாவோடு போய் ரிப்பேரான லிஃப்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் அறிவியல், 'கப்பியும் எதிர் எடையும்'. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டால் பொது, 'உடற்பயிற்சி, முதலுதவி', பஞ்சை வைத்தது யார், கட்டுப் போட்டது யார் என்பது வரைக்கும் உண்டு. காய்ச்சலைக்கூட விடவில்லை, தெர்மாமீட்டரைக் கடுகையே படிக்கச் சொல்லி, நேரம் போட்டுக் குறிக்கச் சொல்லி, உடம்பு தேறினதும் அதை வரைபடமாகப் போட வைத்தாள், ஏறி இறங்குகிற அழகான கோடு, கணக்கு ஃபைலைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். போர்வைக்குள்ளிருந்து கை நீண்டது, கொதிக்கிற கை, "இதையும் எழுதணுமாம்மா?" எழுதணும்டா கண்ணு, ஒரே ஒரு தடவை, அப்புறம் தூங்கிடலாம்... இப்போது எதற்கு அந்தக் கை ஞாபகத்துக்கு வருகிறது? வரைபடம் நன்றாகத்தானே வந்தது.

பால்கனியில் குருவிக் குஞ்சு விழுந்ததும் அப்படித்தான். இறகு முளைக்காத குஞ்சு, பூந்தொட்டி ஓரத்தில் செத்துக் கிடந்தது, கடுகு குந்தி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள், இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், கட்டிக்கொண்டாள், பெற்றவள் என்ன செய்வாளோ அதையெல்லாம் செய்தாள், அப்புறம் தொட்டி மண்ணைத் தோண்டிப் புதைத்தார்கள், உள்ளே அது என்னம்மா ஆகும் என்று கேட்டது பிள்ளை, கேட்டால் சொல்ல வேண்டியதுதானே, சொன்னாள், புழு, பூஞ்சை, உரம், செடி, பூ. சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து 'உயிர்ச் சுழற்சி' என்று தலைப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. "நான் அழுததையும் எழுதிட்டியா?" ச்சே, அதை எதுக்குடா எழுதப் போறேன். "எழுதாத." எழுதவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம், ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்காது. ஆனால் அதற்கப்புறம் கடுகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது, எதையாவது கேட்க வரும்போது முதலில், "அம்மா, இது பாடமா, இல்ல பேச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்கும், பேச்சு என்றால்தான் மேலே சொல்லும், அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள், அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், பாருங்கள் உங்கள் பெண் என்ன கெட்டிக்காரி என்று... கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமே இல்லை.

போன் அடிக்கிறது, அவர்தான். "என்ன மேடம், பரீட்சை முடிஞ்சுதா?" இன்னும் ஆளே வரலைங்க, நீங்க எங்க இருக்கீங்க? "ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிக்கிட்டிருக்கேன், உன் நிலைமையும் என் நிலைமையும் ஒண்ணுதான்." லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய்க்கிற உவமை வேறு எப்படி இருக்கும்! எனக்கென்ன, நான் தரையில கெட்டியா நிக்கிறேன், நீங்க பாத்து இறங்குங்க என்றாள். "அதான் தெரியுமே, நான் பயப்படறது வர்ற அம்மாவை நினைச்சுத்தான், அடிச்சுகிடிச்சு அனுப்பிடாத." சிரித்துக்கொண்டே வைத்தாள், வைத்த கையோடு ஃபைல்களின் ஓரத்தை இன்னொரு தடவை உள்ளங்கையால் தட்டி நேராக்கினாள், நேராகத்தான் இருந்தன. சோபாவில் கடுகு தலை வாரி, கால் இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறது, சொன்னபடியே, அதைப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது, இது எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? "அந்த ஆன்ட்டி கஷ்டமா கேப்பாங்களாம்மா?" கேக்கட்டுமே, உனக்குத் தெரியாததா. "தெரியாட்டி?" தெரியாதுன்னு சொல்லு, அதுல ஒண்ணும் தப்பில்ல. "தெரிஞ்சு சொல்லப் பிடிக்கலைன்னா?" இதென்ன கேள்வி, இதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி.

எப்படியெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தாள், இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை, இறுக்கின உதடு, விறைப்பான நடை... வந்தது மூச்சு வாங்குகிற ஒரு பெரியம்மா, ஒரு கையில் குடை, இன்னொரு கை முழங்காலில். "இந்தப் படிக்கட்டு என் உயிரை எடுத்துடுச்சும்மா, முதல்ல தண்ணி குடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்." லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, எங்கே போய்ச் சொல்ல. தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து, அந்த அம்மா முதல் ஃபைலை இழுத்தாள், விரலை எச்சிலில் தொட்டாள், ஐயோ எச்சில், கம்பெனியாக இருந்தால் அந்தப் பக்கத்தையே தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும், போகட்டும், பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கம் புரள்கிறது, இன்னொன்று புரள்கிறது, ஒப்பந்தங்களில் நின்று அந்த அம்மா புன்னகைத்தாள், காய்ச்சல் கோட்டைப் பார்த்து வாய்விட்டே சிரித்தாள், "இத்தனை வருஷத்துல எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன், இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல." அவ்வளவுதான், அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, இருந்தும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், கம்பெனியில் செய்வது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், கேட்டால் மட்டும் பேச வேண்டும், கேட்டதற்கு மட்டும் பேச வேண்டும், அதுவும் அங்கே கற்றதுதான். கடுகிடம் ஒரு பின்னக் கணக்கு, சரி. ஒரு பத்தி வாசிக்கச் சொன்னாள், கடுகு தண்ணீராக வாசித்தது. நிலா ஏன் தேய்கிறது என்றாள், கடுகு சோபாவிலிருந்து எழுந்து குடையையும் தண்ணீர் டம்ளரையும் தன் தலையையும் வைத்து விளக்கியே விட்டது, யார் பிள்ளை!

அப்புறம்தான் அந்த அம்மா மணி வாரியாகக் கட்டம் போட்ட தினசரித் தாள்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள், ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள், அடுத்த தாளிலும் அதே கட்டம், அதற்கடுத்ததிலும். "மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லா நாளும் ஓய்வு, ஓய்வுன்னு ஒரு வார்த்தைதான் இருக்கு. மத்த இடத்துல இவ்வளவு எழுதியிருக்கீங்களே?" அது பாட நேரம் இல்லை மேடம், நான் பாத்திரம் தேய்ச்சிட்டுக் கொஞ்சம் படுப்பேன், அவளும் ஓய்வா இருப்பா... சொல்லும்போதே நாக்கு லேசாகத் தடுமாறியது, ஏன், உண்மைதானே. அந்த அம்மா கடுகு பக்கம் திரும்பினாள். "ஓய்வுன்னா தூங்கிடுவியா கண்ணு?" இல்ல என்றது கடுகு. "அப்ப என்ன பண்ணுவ?" கடுகு தன் அம்மாவைப் பார்த்தது. சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை இல்லை அது, அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும், இது வேறு, சீட்டு விளையாடும்போது கையில் இருப்பதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களே, அப்படி ஒரு பார்வை. "சும்மா இருப்பேன்." சும்மாவா! அடிப்பாவி, வருஷம் பூராவும் தாள் தாளாக எழுதினதை ஒரே சொல்லில் கவிழ்த்துவிட்டதே, அதிகாரியின் முன்னால், தினமும், சும்மா... படம் வரைவேன் என்று சொல்லக்கூடாதா, கதைப் புத்தகம் என்று சொல்லக்கூடாதா, பொய் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் சும்மா என்றால் இந்த அம்மா என்ன நினைப்பாள், பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை என்றுதானே, சாம்பல் நிற கேட் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, உள்ளங்கை வேர்த்தது, இத்தனை வருஷத்தில் ஒரு ஆய்விலும் வேர்க்காத கை.

அந்த அம்மா பேனாவை எடுத்து ஏதோ எழுதினாள், மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதுகிற மாதிரி. எதிரே நின்று தலைகீழாகப் படிப்பது அவளுக்குக் கைவந்த கலை, ஆய்வாளர்கள் வாயில் வராதது குறிப்பில் வரும் என்று கம்பெனியில் எல்லாரும் பழகி வைத்திருந்தார்கள், கண்ணை மட்டும் தாழ்த்தினாள், பிள்ளைக்குத் தனக்கென்று... அடுத்த சொல் புரியவில்லை, நேரம், ஆமாம், நேரம் இருக்கிறது, பிள்ளைக்குத் தனக்கென்று நேரம் இருக்கிறது, நல்ல முன்னேற்றம், தொடரலாம். தொடரலாம்! மறுபடி படித்தாள், தலைகீழாகவும் அது தொடரலாம்தான். முத்திரை விழுந்தது, கையெழுத்து விழுந்தது, அந்த அம்மா குடையை ஊன்றி எழுந்தாள், வாசலில் செருப்பை மாட்டும்போது, "எல்லாத்தையும் எழுதறீங்க, அந்தக் கட்டத்தை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க, தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க இல்ல?" என்று கேட்டாள். "ஆமா மேடம்" என்று இவள் சொன்னாள். தெரிந்தா செய்தாள்? பாத்திரம் தேய்க்கிற கையால் பேனா பிடிக்க முடியாது, அவ்வளவுதான் காரணம், ஆனால் வருகிற பெருமையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்.

கதவைச் சாத்தினதும் கடுகு சோபா மேல் ஏறிக் குதித்தது, குதிக்கட்டும், ஸ்பிரிங் போனால் போகட்டும், இவளும் தரையில் ஒரு சுற்றுச் சுற்றினாள், போன் போட்டு, போட்டாச்சுங்க, கையெழுத்து போட்டாச்சு என்றாள், "தெரியும், இங்க லிஃப்ட்டும் ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அவர், குரல் கரகரத்தது, மனிதர் இவ்வளவு நேரமும் நிஜமாகவே தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அண்ணிக்கு நாளைக்குச் சொல்லலாம், இல்லை, இன்றைக்கே சொல்லலாம், இல்லை, அண்ணியே கூப்பிடட்டும், அதுதான் ருசி. சாப்பிட்டார்கள், கடுகு வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டது, அவள் தட்டுகளை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள், மனசு பஞ்சாக இருந்தது, அந்த லேசிலேயே, வேறு எந்த நினைப்பும் இல்லாமல் கேட்டாள், "அது சரி, சும்மா இருப்பேன்னு சொன்னியே, சும்மான்னா என்னடா பண்ணுவ?" சும்மாதான் என்றது கடுகு. "அம்மாகிட்ட சொல்லேன்." கடுகு சமையலறை வாசலில் நின்று ஒற்றைக் காலைத் தூக்கி மற்றக் காலைச் சொறிந்துகொண்டது.

"சொன்னா எழுதிடுவியே."

கோபம் இல்லை அந்தக் குரலில், குறை இல்லை, மழை வந்தால் நனையும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போயிற்று, பின் அறைக் கதவு சாத்துகிற சத்தம். எழுத மாட்டேன்டா என்று சொல்ல வாயெடுத்தாள், யாரிடம் சொல்வது, குழாய்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சுருக்கென்றது. எதற்குச் சுருக்கென்கிறது, பிள்ளை பொய் சொல்லவில்லை, திருடவில்லை, தனக்கென்று ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாள், நல்லதுதானே, அப்படி ஒரு பிள்ளையாக வரட்டும் என்றுதானே இத்தனையும், தலை நிமிர்ந்து வேண்டும் வேண்டாம் சொல்கிற பிள்ளையாக... ஆனால் எவ்வளவு நாளாக? முந்தாநாள்? போன மாதம்? தேதி தெரியவில்லை, அவளுக்கு, தேதி தெரியவில்லை! குழாயை மூடினாள், ஈரக் கையோடு நடந்து பின் அறைக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே டொக், டொக் என்று ஏதோ தட்டுகிற சத்தம், கொஞ்சம் நிறுத்தி மறுபடி டொக், டொக், டொக், அப்புறம் கடுகு தனக்குத்தானே என்னவோ சொல்லிக்கொண்டு சிரிக்கிறது, இந்தச் சிரிப்பை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறாளா, என்னவாக இருக்கும், எதையாவது எண்ணுகிறதா, தாளம் போடுகிறதா, எண்ணினால் கணக்கில் வரும், தாளம் என்றால் பொதுவில்தான் போட வேண்டும், இசை என்று தனியாக ஒரு... ஐயோ. நெற்றியில் அடித்துக்கொண்டாள், ஈரம் கண்ணுக்குள் வழிந்தது. போதும், நிறுத்திவிடலாம், இந்த நிமிஷமே நிறுத்திவிடலாம், எந்தத் தலைப்பும் போடாமல் பிள்ளை சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றால் போகிறது, அதென்ன பெரிய வித்தையா, ஊரில் எத்தனை பேர் செய்கிறார்கள்... நின்றாள். சத்தம் நின்றுபோயிருந்தது. தட்டல் இல்லை, பேச்சு இல்லை, ஒரு சின்ன அசைவுகூட இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மா போய்விட்டாளா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.